சமண் என்னும் சொல்: உறவும் ஒலியொப்பும்

சென்ற தை மாதம் வந்தவாசியை அடுத்த ஓர் ஊரில் உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்றிருந்தேன். பந்தி முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது, பொறியியல் பயிலும் என் தங்கை மகன் அருகில் வந்து அமர்ந்தான். "மாமா, உலகம் முழுவதும் ஒரு காலத்தில் சமணம் பரவியிருந்தது என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது" என்றான். தான் எழுதி வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினான். சைபீரியாவில் ஆவிகளை அழைக்கும் பூசாரிக்கு 'ஷமன்' என்று பெயர். சீனத்தில் துறவிக்கு 'ஷாமென்' என்று பெயர். துருக்கி மொழியில் 'சமன்' என்றொரு சொல் உண்டு. இலங்கையில் 'சமன்' என்னும் தெய்வம் உண்டு. தென்னமெரிக்காவில் 'சமான்' என்றொரு மரம் நிற்கிறது. இவை யாவும் நம் 'சமண்' என்னும் சொல்லே என்பது அவன் கண்ட முடிபு. அத்தாளை ஊர் இளைஞர்கள் வெளியிடும் சிறு நூலில் அச்சிட எண்ணி, என்னைப் பிழைதிருத்தித் தருமாறு கேட்டான்.

எழுத்துப் பிழைகள் இரண்டே இருந்தன. அவற்றைத் திருத்திவிட்டு, "இப்போது அச்சுக்குக் கொடுக்க வேண்டா, சில நாள் பொறு" என்றேன். அவன் முகம் வாடிற்று. "நம் பெருமையை நாமே சொல்லக்கூடாதா, மாமா?" என்று கேட்டான். மணவீட்டுச் சந்தடியில் அதற்கு என்னால் தக்க விடை கூற இயலவில்லை. அன்று கூற வேண்டிய விடையே இக்கட்டுரை. அவனைப் போன்ற இளைஞர் நம் இல்லங்கள் பலவற்றிலும் உள்ளமையின், மலர்க் குழுவினரின் இசைவோடு இதனை யாவர்க்கும் பொதுவாக எழுதுகின்றேன்.

உறவு அறியும் முறை

நம் குடும்பங்களில் சம்பந்தம் பேசும்போது பெயர் ஒத்திருத்தலைக் கொண்டு எவரும் உறவை முடிவு செய்வதில்லை. ஓரூரில் ஒரு ஜினதாஸ் இருப்பார். நாற்பது கல் தொலைவில் மற்றொரு ஜினதாஸ் இருப்பார். இருவரும் பங்காளிகளா என அறிய விரும்பும் முதியோர், பாட்டனார் பெயர் என்ன, எவ்வூரிலிருந்து குடிபெயர்ந்தனர், யார் வீட்டில் பெண் எடுத்தனர் எனத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுச் செல்வர். சொல்லின் உறவை அறிவதற்கும் அதுவே முறை. மொழிநூலார் கேட்கும் வினாக்கள் மூன்று.

முதலாவது, ஒலிமாற்றம் ஒழுங்குடையதா என்பது. தமிழில் 'பால்' என்பது கன்னடத்தில் 'ஹாலு' எனப்படும். 'பல்' அங்கே 'ஹல்லு' ஆகும். 'புலி' அங்கே 'ஹுலி' ஆகும். 'பள்ளி' அங்கே 'ஹள்ளி' ஆகும். பகரம் ஹகரமாகும் ஒரே மாற்றம் சொல்தோறும் தொடர்வதால் இரு மொழிகளும் உடன்பிறப்புகள் என்பது தெளிவாகிறது. இச்சொற்கள் முழுமையாக ஒத்தொலிப்பதில்லை. ஆயினும் அவற்றின் உறவு உறுதியானது.

இரண்டாவது, ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் சொல் சென்றது எனின், சென்ற வழியும் காலமும் காட்ட முடியுமா என்பது. மூன்றாவது, பொருள் தொடர்ச்சி உண்டா என்பது.

இம்மூன்றையும் கேளாது ஓசையை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு இரண்டு சான்றுகள் கூறுவேன். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் வாழ்ந்த பழங்குடி மக்களின் இம்பாபரம் மொழியில் நாய்க்கு 'டாக்' என்று பெயர். ஆங்கிலத்திலும் அதுவே. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. ஆயினும் அம்மொழியை ஆராய்ந்த டிக்சன் என்னும் அறிஞர், 'குடக' என்னும் பழஞ்சொல்லே அண்டை மொழிகளில் நிலைத்திருக்க, இம்பாபரத்தில் முதலசை கெட்டு, எஞ்சியது படிப்படியாக 'டாக்' என்று ஆயிற்று எனக் காட்டினார். ஆங்கிலச் சொல்லுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பாரசீகத்தில் 'பத்' என்னும் சொல் தீயது என்று பொருள்படும்; ஆங்கிலத்திலும் அதே பொருளில் 'பேட்' என்னும் சொல் உண்டு. இரண்டும் வெவ்வேறு வேரினின்றும் பிறந்தவை.

உலகில் மொழிகள் பல்லாயிரம். ஒவ்வொரு மொழியும் கையாளும் ஒலிகளோ பெரும்பாலும் சில பத்தே. அவற்றுள் சகரமும் மகரமும் னகரமும் பல மொழிகளிலும் பரவலாக வழங்கும் ஒலிகள். இம்மூன்றும் கூடிய சொல் பல நாடுகளில் தனித்தனியே தோன்றுவதில் வியப்பில்லை. இனி, நம் சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம்.

சொல்லின் பிறப்பு

வடமொழியில் 'ச்ரமண' என்பது 'ச்ரம்' என்னும் வினையடியிற் பிறந்தது. அவ்வினைக்கு முயலுதல், உழைத்தல், மெய்வருந்துதல் என்பன பொருள். வேள்வியை நம்பாது தன் முயற்சியாலும் நோன்பாலும் வினையறுக்க முற்பட்டவர் அப்பெயர் பெற்றனர். 12 ஆண்டுகளுக்கும் மேலாக அருந்தவம் ஆற்றிய மகாவீரர்க்கு இப்பெயர் எத்துணைப் பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டா. ஆனால் இது நமக்கு மட்டும் உரிய பெயராக இருந்ததில்லை. பௌத்தத் துறவியரும் ஆசீவகரும் இப்பெயராற் குறிக்கப்பட்டனர். பிருகதாரணியக உபநிடதத்திலும் இச்சொல் காணப்படுகிறது. இதனைப் பின்னர் மறவாதிருத்தல் வேண்டும்.

பிராகிருதத்தில் இச்சொல் 'சமண' ஆயிற்று. மகதப் பகுதியிலும் அதைச் சூழ்ந்தும் வழங்கிய பிராகிருதங்களில் வடமொழியின் மூவகைச் சகரங்களும் ஒன்றாயின. 'ச்ர' என்னும் கூட்டொலியும் எளிதாயிற்று. அதனால் முயற்சியைக் குறிக்கும் 'ச்ரம', அமைதியைக் குறிக்கும் 'சம', ஒப்புமையைக் குறிக்கும் 'ஸம' ஆகிய மூன்றும் செவிக்கு ஒன்றாகவே ஒலித்தன. அறவோர் இந்த ஒலியொப்பை நல்வழியிற் பயன்படுத்தினர். பொன்னூர் மலையில் நாம் திருவடி வணங்கும் குந்தகுந்தர் தம் பிரவசனசாரத்தில், பகைவரிடத்தும் சுற்றத்தாரிடத்தும், இன்பத்தும் துன்பத்தும், புகழிலும் இகழிலும், மண்ணாங்கட்டியிலும் பொன்னிலும், வாழ்விலும் சாவிலும் ஒத்த மனம் உடையவனே சமணன் என்று விளக்கினார்.

இவ்விளக்கத்தை அறவுரையாகப் போற்ற வேண்டும். சொல்லின் வேர் யாது எனின் முயற்சி என்றே கூற வேண்டும். சொல் எங்குப் பிறந்தது என்பது ஒரு வினா. ஆசிரியர் அதைக் கொண்டு எதனைக் கற்பித்தார் என்பது மற்றொரு வினா. இரண்டையும் குழப்பாமலிருந்தால் இரண்டிற்கும் மதிப்பு உண்டு.

தமிழில் அமணும் சமணும்

தமிழ் நாட்டில் இச்சொல்லின் பழைய வடிவம் 'அமண்' என்பதே. கரூரை அடுத்த புகழூரில் ஆறுநாட்டார் மலை என்னும் குன்று உள்ளது. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் முதிய அமணர்க்குச் சேர மரபினனான இளங்கடுங்கோ என்பான் உறையுள் அமைத்துக் கொடுத்த செய்தியைத் தெரிவிக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதன் காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு என மதிப்பிட்டார். ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன்னரே நம் பெயர் தமிழெழுத்தில் பாறையில் வெட்டப்பட்டுள்ளது.

சகரம் ஏன் மறைந்தது? தொல்காப்பிய எழுத்ததிகார மொழிமரபின்படி, சகர மெய் அ, ஐ, ஔ என்னும் மூன்று உயிர்களோடு கூடிச் சொல்லுக்கு முதலாகாது. அந்நூற்பாவுக்கு வேறு பாடம் காட்டுவோரும் உண்டு. எனினும், சொல்முதற் சகரத்தைத் தமிழ் நாவு நெகிழவிட்டமைக்குப் பிற சொற்களும் சான்று பகர்கின்றன. வடமொழி 'ஸஹஸ்ர' என்பதோடு தொடர்புடையது 'ஆயிரம்'. 'ச்ராவண' என்னும் மாதப் பெயர் 'ஆவணி' ஆயிற்று. 'ச்ரவண' என்னும் நாண்மீன் 'ஓணம்' ஆயிற்று. இவ்வரிசையில் 'சமண' என்பது 'அமண்' ஆயிற்று. மேலே கூறிய ஒழுங்கான ஒலிமாற்றம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. காலப்போக்கில் சகர முதற் சொற்கள் தமிழில் பெருகின. நம் பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றியபோது, பன்னீருயிரோடும் சகரம் மொழிக்கு முதலாகும் என்று விதி வகுத்தார். அதற்குள் 'சமண்' என்னும் வடிவமும் நன்கு வேரூன்றிவிட்டது.

நாம் கூசும் ஒரு சொல்லும் இங்கே உண்டு. 'அம்மணம்' என்பது 'அமணம்' என்பதன் திரிபே. திசைகளையே ஆடையாகக் கொண்ட துறவியரைக் கண்டோர், அவர் நிலையைக் குறித்த சொல்லைப் பின்னர்ப் பொதுவாக ஆடையின்மைக்குப் பெயராக்கினர். பற்றுகளையெல்லாம் துறந்தமையின் அடையாளமாக நின்ற பெயர், பிறர் வாயில் எள்ளற் சொல்லாயிற்று. இதுவும் வரலாறே. பெருமை தரும் சொல்லுறவை ஏற்போர், மனத்தை உறுத்தும் சொல்லுறவை மறைத்தல் முறையாகாது.

கன்னட நாட்டிலும் ஒரு சான்று உண்டு. சிரவணபெளகொள என்னும் ஊர்ப்பெயரில் உள்ள 'ச்ரவண' என்பது 'ச்ரமண' என்பதன் திரிபு, மகரம் வகரமாயிற்று. பெளகொள என்பது வெண்ணிறக் குளம். ஓணமாகிய நாண்மீனைக் குறிக்கும் 'ச்ரவண' என்பதற்கும் இவ்வூர்ப் பெயருக்கும் ஓசை ஒன்றாயினும் உறவில்லை.

தமிழிலேயே, நடுநிலையைக் குறிக்கும் 'சமன்' ஒன்று. கூற்றுவனைக் குறிக்கும் 'சமன்' ஒன்று. முன்னது ஒப்புமையைக் குறிக்கும் 'ஸம' என்பதன் வழி வந்தது. பின்னது அடக்குவோன் என்னும் பொருளுடைய 'சமன' என்னும் வடசொல்லின் வழி வந்தது. நம் பெயர் டண்ணகரத்தில் முடிவது. அவை றன்னகரத்தில் முடிவன. இவ்வெழுத்து வேறுபாட்டைத் தமிழ் காக்கிறது. வேற்றெழுத்தில் எழுதிப் படித்தால் யாவும் ஒன்றாகத் தோன்றும். என் மருகன் ஏமாந்தது பெரும்பாலும் இதனாலேயே.

வழி தெரிந்த பயணங்கள்

அவன் தாளில் இருந்தவை யாவும் பிழை என்று கூறேன். இச்சொல் தொலைநாடுகளுக்குச் சென்றது உண்மை. சென்ற சுவடுகளும் கிடைத்துள்ளன.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் தன் கல்வெட்டுகளில் சமணரையும் பிராமணரையும் சேர்த்துப் பன்முறை குறிப்பிட்டான். ஆப்கானிஸ்தானத்துக் காந்தகாரில் 1963இல் கண்டெடுக்கப்பட்ட அவனது கிரேக்க மொழிக் கல்வெட்டில் 'ஸ்ரமெனை' என்னும் வடிவம் காணப்படுகிறது. கிரேக்க எழுத்தில் இச்சொல் கல்லிலேயே நிற்பதால் இதில் ஐயத்திற்கு இடமில்லை.

சந்திரகுப்த மௌரியன் அவைக்கு வந்த மெகஸ்தனிஸ், இந்திய ஞானியரை இருவகைப்படுத்தினார். அவர் நூல் அழிந்துபோயிற்று. அதிலிருந்து எடுத்தெழுதிய ஸ்திராபோவின் நூலில் இரண்டாம் வகையினர் பெயர் 'கர்மனேஸ்' என்று உள்ளது. அது 'சர்மனேஸ்' என்பதைப் படியெடுத்தோர் மாற்றி எழுதிய பிழை என்பது அறிஞர் கருத்து. பிற்காலத்தில் அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து 'சர்மனை' என்றே எழுதினார். 3ஆம் நூற்றாண்டினரான போர்பிரி 'சமனையோய்' என்று எழுதினார். இது பிராகிருத வடிவத்திற்கு மிக அணித்து.

ஸ்திராபோ மற்றொரு செய்தியும் தருகிறார். அகஸ்டஸ் பேரரசனிடம் சென்ற இந்தியத் தூதருடன் ஒருவர் ஏதென்ஸ் நகரம் சென்று, ஆங்கே தீப்புகுந்து உயிர் நீத்தார். பர்கோசாவிலிருந்து வந்த சர்மனோகேகாஸ் என்று அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருந்தது. பர்கோசா என்பது இன்றைய பரூச் துறைமுகம். பெயரின் முற்பகுதியில் 'ச்ரமண' என்பதைக் காண்போர் பலர். ஆனால் தீப்புகுதல் நம் சல்லேகனை நோன்பன்று. பெயரைக் கொண்டு அவர் சமண முனிவர் என்று நாம் எழுதிவிடலாகாது.

வடமேற்கே வழங்கிய காந்தாரிப் பிராகிருதத்தில் இச்சொல் 'ஷமண' என ஒலித்தது. அங்கிருந்து வணிகப் பெருவழியாக நடு ஆசியாவிற்குச் சென்றது. தொக்காரிய மொழியில் 'ஷமானே' எனவும், கோத்தானிய மொழியில் 'ஷமன' எனவும் வழங்கிற்று; சோக்தியர் மொழியிலும் இடம்பெற்றது. சீனத்தில் 'ஷாமென்' ஆயிற்று. சீனத்திலிருந்து ஜப்பானியத்திற்கு 'ஷாமோன்' எனவும், கொரிய மொழிக்குச் 'சாமுன்' எனவும், வியட்நாமியத்திற்குச் 'சா மோன்' எனவும் சென்றது. பாரசீகக் கவிதையில் 'ஷமன்' என்பது உருவ வழிபாட்டாளரைக் குறித்தது. 11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி 'ஷமனிய்யா' என்று ஒரு சமயத்தாரைக் குறித்தார்.

இவற்றுள் வழி உண்டு, காலம் உண்டு, பொருள் தொடர்ச்சியும் உண்டு. மூன்று வினாக்களுக்கும் விடை கிடைக்கிறது. ஆயினும் இச்சொல்லை நடு ஆசியாவுக்கும் சீனத்துக்கும் சுமந்து சென்றோர் பௌத்தத் துறவியர். சீனத்து ஷாமென் பௌத்தத் துறவியே. இதனைச் சொல்லாமல் விட்டுச் சீனத்தில் சமணம் தழைத்தது என்று எழுதுவது, பிறர் உழைப்பை நம் கணக்கில் வரவு வைப்பதாகும். நம் நோன்புகளுள் கள்ளாமையும் ஒன்று.

சைபீரியச் சொல்

இனி, மிகுதியும் பேசப்படும் 'ஷமன்' என்னும் சொல். கிழக்குச் சைபீரியாவில் வாழும் எவெங்கி மக்கள் துங்கூசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பறை முழக்கித் தன்னிலை மறந்து ஆவிகளோடு பேசி நோய் தீர்ப்பவனை அவர்கள் இப்பெயரால் அழைத்தனர். உருசியத் திருச்சபைத் தலைமைக் குரு அவ்வாக்கும் சைபீரியாவிற்கு நாடுகடத்தப்பட்டு மீண்டவர். 1670களில் எழுதிய தன்வரலாற்றில் இச்சொல்லை வழங்கினார். 1692இல் வெளிவந்த ஒல்லாந்தர் விட்சனின் நூல் வாயிலாக மேலை ஐரோப்பியர் இதனை அறிந்தனர். பிறகு அது உலகமெங்கும் பரவிற்று.

இது 'ச்ரமண' என்பதன் வழி வந்ததா? அறிஞர் இரு கூறாயினர். 1917இல் பெர்த்தோல்து லாவுபர் இவ்வுறவை மறுத்து எழுதினார். 1924இல் மிரோனோவும் சிரோகோகோரோவும் இணைந்து, நடு ஆசியா வழியாகப் பௌத்தச் சொல் துங்கூசியரை அடைந்தது என்று வாதிட்டனர்.

மறுப்போர் கூறுவது: துங்கூசிய மொழிகளில் 'சா' என்பது அறிதலைக் குறிக்கும் வினை, அறிவோன் என்னும் பொருளில் இச்சொல் அங்கேயே பிறந்திருக்கலாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த சுர்ச்சென் மக்களிடையே இச்சொல் வழங்கியதை 12ஆம் நூற்றாண்டுச் சீன ஏடு குறிப்பிடுகிறது; எனவே அது அண்மைக் காலத்து இரவல் அன்று. ஏற்போர் கூறுவது: 'சா' என்னும் வினையோடு சேர்ந்துள்ள 'மன்' என்னும் இறுதியை அம்மொழிகளின் இலக்கணத்தால் எளிதில் விளக்க முடியவில்லை, 12ஆம் நூற்றாண்டுக்கு முன்பே பௌத்தம் நடு ஆசியாவில் நெடுங்காலம் நிலவியதால் இரவல் வாங்க வாய்ப்பு உண்டு.

முதல் இரு வினாக்களுக்கு அரைகுறை விடையே கிடைக்கிறது. மூன்றாம் வினாவில் இடைவெளி பெரிது. சைபீரியப் பூசாரி கலைமானைப் பலியிடுவான். எறும்புக்கும் ஊறு நேராதபடி மயிற்பீலி ஏந்தி நடக்கும் முனிவரோடு அவனை ஒன்றாக்குவது எவ்வாறு? சொல் ஒரு வேளை ஒன்றாக இருந்தாலும், சமயம் ஒன்றாகிவிடாது. இரவற் சொல் புதிய வீட்டில் புதிய பொருள் பூணுதல் இயல்பு.

ஓசை மட்டும் ஒன்றாயவை

தாளில் எஞ்சியிருந்தவற்றையும், அதில் இல்லாத சிலவற்றையும் காண்போம்.

துருக்கி மொழியில் 'சமன்' என்பது வைக்கோலைக் குறிக்கும். வானத்துப் பால்வெளியை அம்மக்கள் 'சமன்யோலு' என்பர். வைக்கோல் சிந்திய பாதை என்பது பொருள். அழகிய பெயர். ஆனால் துறவிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அரபு மொழியில் 'சம்ன்' என்பது நெய். எபிரேயத்தில் 'ஷெமென்' என்பது எண்ணெய். இவ்விரண்டும் தமக்குள் உறவுடையவை. எபிரேய ஷகரம் அரபியில் சகரமாதல் ஒழுங்கான மாற்றம். 'ஷாலோம்' என்னும் வாழ்த்து அரபியில் 'சலாம்' ஆவதும் அவ்வாறே. நம் சொல்லோடு அவற்றிற்கு உறவில்லை.

சிங்களத்தில் 'சமன்' என்பது ஒரு மல்லிகை. 'சுமன' என்பதன் திரிபு அது. நன்மனம் என்பது அதன் உட்பொருள். சிவனொளிபாத மலையைச் சிங்களவர் 'சமனல கந்த' என்பதும், அதன் காவல் தெய்வத்தைச் 'சமன்' என்பதும் இச்சொல்லின் வழியே. மகாவம்சம் அத்தெய்வத்தை மகாசுமனன் என்றே குறிக்கிறது.

மலாய் மொழியில் 'சமான்' என்பது நீதிமன்ற அழைப்பு. ஆங்கிலச் சொல்லின் இரவல் அது. நம் ஊரில் 'சம்மன் வந்தது' என்கிறோமே, அதுவும் அங்கிருந்து வந்ததே. நம் வீடுகளில் பொருள்களைக் குறிக்கும் 'சாமான்' பாரசீகச் சொல். இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது.

தென்னமெரிக்க மரத்தை நாம் அனைவரும் அறிவோம். நான் பணியாற்றிய பள்ளியின் வாயிலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. மாலையிலும் மழைமூட்டத்திலும் இலைகளை மூடிக்கொள்ளும் அம்மரத்தின் நிழலில் ஆண்டுதோறும் தேர்வுக் காலத்தில் மாணவர் அமர்ந்து படிப்பர். தாவரவியலார் அதற்கு இட்ட பெயர் 'சமானியா சமான்'. 1800ஆம் ஆண்டில் வெனிசுவேலா சென்ற அறிஞர் ஹம்போல்ட், அங்கு நின்ற பெருமரம் ஒன்றைக் கண்டு வியந்து எழுதினார். 'சமான்' என்பது அந்நாட்டுக் கரிபியப் பழங்குடியினர் அம்மரத்திற்கு இட்ட பெயர். அது ஸ்பானியத்தில் புகுந்து அறிவியற் பெயராயிற்று. அம்மரம் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டதே. பெயர் அவர்களுடையது, நிழல் நம்முடையது. அப்பெயரையும் நமதென்று கொள்வது, தம் மொழியை இழந்துவரும் ஒரு பழங்குடியிடம் எஞ்சியதையும் பறிப்பதாகும்.

வாய்மையும் பெருமையும்

நம் பெருமையை நாமே சொல்லக்கூடாதா என்று கேட்டான் என் மருகன். அக்கேள்வியின் பின்னுள்ள ஏக்கத்தை நான் அறிவேன். எண்ணிக்கையில் சிறியோம். 'நீங்கள் வடநாட்டிலிருந்து வந்தவர்களா?' என்னும் கேள்வியை நாம் ஒவ்வொருவரும் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். பள்ளியில் உடன்பயில்வோரிடம் தன் சமயத்தை விளக்க முயன்று சோர்ந்த சிறுவனுக்கு, உலகெங்கும் தன் பெயர் ஒலிக்கிறது என்னும் செய்தி ஆறுதலாகத்தான் இருக்கும்.

ஆனால் பொய்த்துணை இடையில் கைவிடும். வைக்கோலையும் மரத்தையும் காட்டிப் பெருமை பேசும் சிறு நூலை நாளை ஒருவர் மறுத்தால், அதே நூலில் உள்ள புகழூர்க் கல்வெட்டையும் காந்தகார்க் கல்வெட்டையும் சேர்த்தே மறுப்பார். பிழைகளோடு அடுத்தடுத்து நின்றமையால் மெய்யும் மதிப்பிழக்கும். நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற செல்வத்திற்கு நாமே செய்யும் கேடு அது.

அன்றியும், வாய்மை நம் நோன்புகளுள் ஒன்று. சாவகர்க்குரிய அணுவிரதத்திலும் அதற்கு இடமுண்டு. அறியாது சொன்னது பிழை. அறிந்த பின்னும் அச்சிடுவது குற்றம். ஐயமுள்ள இடத்தில் எவ்வாறு பேசுவது என்பதையும் நம் ஆசான்மார் கற்பித்துள்ளனர். ஸ்யாத்வாதத்தின் 'ஒருவகையால்' என்னும் சொல்லை நாம் தத்துவ வகுப்பில் மட்டும் வைத்துவிட்டோம். சைபீரியச் சொல்லைப் பற்றி எழுத நேர்ந்தால், ஒருவகையால் நோக்க உறவு இருக்கலாம், மற்றொருவகையால் நோக்க இல்லாதிருக்கலாம் என்று இரு தரப்பையும் வைத்து எழுதுவதே நம் மரபுக்கு ஏற்றது.

சென்ற மாதம் மருகன் என் இல்லத்திற்கு வந்தான். இக்கட்டுரையின் கைப்படியைப் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்து, தன் தாளை எடுத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தான். துருக்கி போயிற்று, தென்னமெரிக்கா போயிற்று, இலங்கை போயிற்று. சீனத்திற்கு எதிரே 'பௌத்தர் வழியாக' என்றும், சைபீரியாவிற்கு எதிரே 'முடிவாகவில்லை' என்றும் எழுதினான். காந்தகாரைப் புதிதாகச் சேர்த்தான். பிறகு, "புகழூருக்கு நேரில் போகலாமா, மாமா? கரூரிலிருந்து எவ்வளவு தொலைவு?" என்று கேட்டான்.

அடுத்த விடுமுறையில் அழைத்துச் செல்வதாகக் கூறியுள்ளேன். குன்றேறுவது என் முழங்காலுக்கு எளிதன்று. ஆயினும் முயல வேண்டும். நம் பெயரின் வேர்ப்பொருளே முயற்சியல்லவா?

அறம் வாழ்க. அருகன் நெறி வாழ்க.